வெள்ளிக்கிழமை பிடிபட்ட மீன்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு மீனோடு, உங்கள் சொந்த அக்கா வீட்டு வாசலில், உள்ளே விடமாட்டேன் என்று நிற்கும் அம்மாவுக்கு முன்னால் நீங்கள் எப்போதாவது நின்றிருக்கிறீர்களா?

நான் நின்றிருக்கிறேன். நொஷாட்டலில், ஏரியிலிருந்து இரண்டு தெரு மேலே, ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லை. மீன் நீலப் பையில். பையிலிருந்து படிக்கட்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏரித் தண்ணீர். எனக்குப் பின்னால் அத்தான், சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"இண்டைக்கு என்ன நாள்?" என்று அம்மா கேட்டா.

"செப்டம்பர்..."

"நான் கிழமையைக் கேட்டன்."

போனை எடுத்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. குழந்தை பிறந்த வீட்டில் எல்லா நாளும் ஒரே நாள்தான்.

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மச்சத்தோட வாசல்ல வந்து நிக்கிறாய்."

"அம்மா, இது ஒரு கிழமையாத் தேடின மீன்."

"அதுக்கு நாளைக்கும் நீந்தத் தெரியும்தானே. கொண்டுபோய் விட்டிட்டு நாளைக்குப் பிடி."

சிரிக்காதீர்கள். அம்மா சிரிக்கவில்லை.

### எக்லி ராணி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாக: பெயர் மதி. சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. எனக்குப் படிப்பில் கடைசி வருடம், வாய் கொஞ்சம் நீளம்.

மீன்பிடி எனக்குக் கல்லூரியில் தொற்றிய வியாதி. கூடப் படிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரிச் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் நாளே ஒரு எக்லி மாட்டியது. உள்ளங்கை அளவு, முதுகில் வரி வரியாக, செட்டையில் சிவப்பு. அன்றோடு சரி. இந்த நாட்டில் தூண்டில் போடுவதற்கும் வகுப்பு உண்டு, சோதனை உண்டு. இரண்டையும் முடித்துக் கையில் அட்டை வாங்கினேன். என் பட்டத்தை விட அந்த அட்டை அழகு.

பிரச்சினை, எக்லியோடு நான் நிற்கவில்லை. எனக்குச் சாண்டர் வேண்டும்.

சாண்டரைப் பார்த்திராதவர்களுக்கு: நீளமான, சாம்பல் பச்சை மீன். கண் இரண்டும் கண்ணாடிக் கோலி மாதிரி. வெளிச்சம் பிடிக்காது. தரையோடு தரையாகக் கிடக்கும். தசை வெள்ளையோ வெள்ளை, முள்ளுக் குறைவு, சேற்று மணம் இல்லை. ஏரியில் இருப்பதிலேயே கெட்டிக்கார மீன் என்று எல்லாரும் சொல்வார்கள். பிடிக்கத் தெரியாதவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள்.

இரண்டு வருடம். ஒரு சாண்டர்கூட இல்லை. நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் எக்லி ராணி. போனில்கூட அப்படித்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்தால் ஒன்றும் ஆச்சரியமில்லை. பதினொரு மணிக்கு எழும்பி, கோப்பி குடித்து, வெயில் உச்சிக்கு வந்தபிறகு தண்ணீர்க் கரைக்குப் போவேன். மினுமினுப்புத் தூவிய ரோஸ் நிற ரப்பர் மீனைக் கட்டுவேன். படத்தில் வடிவாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எவ்வளவு தூரம் எறியலாமோ எறிந்து, நான் டைப் பண்ணுகிற வேகத்தில் சுற்றுவேன். வெளிச்சம் பிடிக்காமல் தரையில் படுத்திருக்கிற மீனுக்கு, நடுப்பகலில், தலைக்கு மேலே ஒரு ரோஸ் ரொக்கெட். அது என்ன செய்யும், பாவம்.

### ஆக்கள்

அம்மாவுக்கு என் மீன்பிடி தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை, அதுவும் படிச்ச பிள்ளை. உனக்கேன் அந்த வேலை?"

வீட்டுக்கு யாராவது வந்தால் என் தூண்டில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடும். முதலில் நான் இதைப் பொம்பிளைப் பிள்ளைப் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். அக்கா தாரணி, ஜெனோ அத்தானைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் மிச்சம் விளங்கியது.

அத்தான் கத்தோலிக்கர். அது ஒன்று. அத்தானின் அப்பா யாழ்ப்பாணத்தில் கடற்கரைப் பக்கம், வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். அது மற்றது. அம்மா முதலாவதைச் சத்தமாகச் சொன்னா. இரண்டாவதுக்கு, "ஆக்கள் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தா. அந்த "ஆக்கள்" என்ற சொல்லுக்குள் என்ன சாதிக் கணக்குக் கிடக்கிறது என்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த எனக்கே விளங்கியது. விளங்கியதில் எனக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை.

கலியாணம் நடந்தது. கோயிலிலும் தேவாலயத்திலும் இல்லை, நகரசபையில். அம்மா வந்தா. நல்ல சாறிதான் உடுத்தா. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று வருடத்தில் அத்தானை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடவில்லை. "அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ கேள்." அவர் எதிரிலேயே இருப்பார்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், அத்தானுக்குக் கடல் என்றாலே ஆகாது. இங்கே பிறந்து, மணிக்கூட்டு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே வேலை செய்கிற மனிசன். அவர் வாழ்க்கையில் தொட்ட மிகப் பெரிய உயிரினம் அக்காதான்.

### ஐஸ் மணம்

போன கோடை முடிகிற நேரம் அக்காவுக்கு மகள் பிறந்தாள். என் பெறாமகள். அம்மா டீட்டிகோனிலிருந்து இரண்டு பெட்டி நிறையச் சரக்குத்தூளும் நல்லெண்ணெயும் உள்ளியும் கட்டிக்கொண்டு நொஷாட்டலுக்குப் போனா. முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை அங்கேதான். மருமகன் வீட்டில் அம்மா தங்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு வகுப்பு இல்லாத மாதம். ஆய்வறிக்கை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தூண்டிலோடு நானும் போனேன்.

போன கையோடு அம்மா சட்டம் போட்டா. துடக்கு வீடு, அக்காவின் சாமித் தட்டில் விளக்கு ஏற்றக்கூடாது. தட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியும் தொங்கியது. பக்கத்துச் சுவரில் இருந்த மாதா படத்துக்குத் துடக்கு உண்டா இல்லையா என்று அத்தான் கேட்டார். அம்மா துணியின் நுனியை இழுத்துச் சரிசெய்தா. மாதா தப்பினா.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்றால் எங்கள் வீட்டில் சரக்குக் கறிதான். மிளகாய் கிடையாது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்து, மீன் போட்டு, தண்ணிப் பதமாக. பால் சுரக்கும், வயிறு ஆறும். அம்மா தமிழ்க்கடை ஐஸ் மீனில் செய்தா.

அக்கா வாயில் வைத்தாள். துப்பினாள்.

"ஐஸ் மணக்குது அம்மா."

அடுத்த நாள் வேறு மீன். அதுவும் மணத்தது. அத்தான் சந்தையில் ஒரு சின்ன ஏரி மீன் வாங்கிவந்தார். அதில் ஆயிரம் முள்ளு. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் முள்ளுப் பார்க்க முடியாமல் அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். கடையில் விற்கிற துண்டு மீனுக்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தலையும் முள்ளும் இல்லாட்டி சரக்கு எதில பிடிக்கும்?"

தட்டுப் போனபடியே திரும்பி வந்தது. கோழியும் அப்படி, முட்டையும் அப்படி. பால் குறைந்தது. மருத்துவிச்சி இரண்டு நாளுக்கு ஒருக்கா வந்து, பெறாமகளைத் துணியில் சுற்றி, கொக்கித் தராசில் தூக்கி நிறுப்பா. இரண்டு கிழமை தாண்டியும் பிறந்த நேரத்து நிறை திரும்பி வரவில்லை.

அவ அன்பான பொம்பிளை. பிரெஞ்சில் மெல்ல மெல்லச் சொல்ல, அத்தான் தமிழாக்கினார்.

"மீன்ல ஒண்டும் இல்லையாம் மாமி. எதெண்டாலும் பரவாயில்லை, தாய் சாப்பிடவேணும், தண்ணி குடிக்கவேணும், நித்திரை கொள்ளவேணுமாம்."

அம்மா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினா. "பாத்தியே, அவவும் மீன் எண்டுதான் சொல்லுறா."

நிறை ஏறாவிட்டால் போத்தில் பாலும் சேர்த்துக் கொடுப்போம், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டு மருத்துவிச்சி போனா. அக்கா அதைக் குற்றம் என்றுதான் கேட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பத்து வயதில் என்னைத் தள்ளிவிட்டுப் பல்லை உடைத்தவள், சைக்கிள் போட்டியில் என்னை அழவைத்தவள். அவள் சத்தமே இல்லாமல் அழுவதைப் பார்த்துக் கட்டில் ஓரத்தில் போய் இருந்தேன்.

"உனக்கு என்னடி வேணும்? எதையெண்டாலும் சொல்லு."

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "போன வருசம் நானும் இவரும் ஏரிக்கரையில சாண்டர் சாப்பிட்டனாங்கள். மணமே இல்லை. அது எண்டால் சாப்பிடுவன் போல கிடக்கு."

என் வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா.

"நான் பிடிச்சுத் தாறன்."

"நீயோ? எக்லி ராணியோ?"

"முழு மீன். தலையோட. ஐஸ் படாமல்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சரி, பிடிச்சுக்கொண்டு வா. சாப்பிடுறன்." பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்தநாள் நான் கதவைத் திறக்க, கட்டிலிலிருந்து கேட்ட முதல் கேள்வி: "கிடைச்சதோ?"

கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி. அதே பதில்.

### நாலு மணிக்காரி

நான் திருந்தியதற்கு முதல் காரணம் என் பெறாமகள். அவள் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புவாள். அவள் எழும்பினால் அந்த வீட்டில் யாரும் படுக்க முடியாது. சுவர் அவ்வளவு மெல்லிசு.

இருபத்துமூன்று வருட வாழ்க்கையில் நான் விடியலைப் பார்த்தது, நித்திரை கொள்ளாமல் விழித்திருந்த நாட்களில் மட்டும்தான். இப்போது முகம் கழுவி, சப்பாத்துப் போட்டு, அடிவானம் சாம்பலாகிற நேரத்துக்குத் தண்ணீர்க் கரையில் நிற்கிறேன். துறைமுகத்து அலை தடுக்கிற கல்வரிசை. ஆள் நடமாட்டம் இல்லை. பாண் சுடுகிற மணம் மட்டும் நகரத்துப் பக்கமிருந்து வரும்.

முதல் நாளே ஒன்று கவனித்தேன். அந்த நேரத்தில் சின்ன மீன்களெல்லாம் கல்லோரமாக வந்து நிற்கின்றன. நான் இரண்டு வருடமாகத் தூரம் தூரம் என்று எறிந்தேன். சாப்பாடு காலடியில் நிற்கிறது.

ரோஸ் ரப்பர் பெட்டிக்குள் போனது. சாம்பல் பச்சையில், விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்துக் கட்டினேன். காற்று அடிக்கிற பக்கம், தண்ணீர் கலங்கிக் கிடக்கிற பக்கமாக இடம் மாறினேன். முன்பென்றால் காற்று இல்லாத பக்கம் போய் நிற்பேன், தலைமயிர் கலையும் என்று.

அப்படியும் ஒன்றும் இல்லை. ஒரு கிழமை முழுக்க. எறிவேன், இழுப்பேன், இடைக்கிடை ஏதோ இடறும். கல் என்று நினைத்து வேகமாகச் சுற்றி மேலே எடுப்பேன். ரப்பரின் வாலில் சின்னச் சின்னக் கீறல். கல்லில் உரசியது என்றே நம்பினேன்.

வீட்டுக்குத் திரும்பினால், "கிடைச்சதோ?"

"இல்லையடி."

"பரவாயில்லை," என்பாள். அந்தப் பரவாயில்லையை விட அவள் ஏசியிருக்கலாம்.

### சின்ன விரல்

வியாழக்கிழமை பின்னேரம். அக்கா நித்திரை, அம்மா குளிக்கிறா. பெறாமகள் என் மடியில் சிணுங்கத் தொடங்கினாள். அக்காவை எழுப்ப மனமில்லை. மருத்துவிச்சி காட்டித் தந்தது ஞாபகம் வந்தது. நன்றாகக் கை கழுவி, சின்ன விரலின் சதைப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து, வாயில் கொடுத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. நானே விரலை ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன், மறுபடி ஆட்டினேன், மறுபடி திருப்பினாள்.

சரி, உன் இஷ்டம் என்று அசையாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்கூட மெதுவாக. கொஞ்ச நேரம் போனது. அவளுடைய நாக்கு ஒரே ஒரு தடவை விரலை உள்ளே எடுத்தது.

டொக்.

அவ்வளவுதான். கடி இல்லை, இழுவை இல்லை. உள்ளே எடுத்த ஒரு சின்னத் தட்டு.

இந்தத் தட்டை எனக்குத் தெரியும். ஒரு தடவை இல்லை, பல தடவை, நூல் வழியாக என் கைக்கு வந்திருக்கிறது. சாண்டர் கடித்து இழுக்கிற மீன் இல்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிற மீன். வகுப்பில் சொன்னார்கள், நானும் சோதனையில் சரியான பெட்டியில் புள்ளடி போட்டேன். கைக்கு அது தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக நான் கல் கல் என்று சொல்லிப் பறித்தெடுத்ததெல்லாம் மீனின் வாயிலிருந்து.

பெறாமகள் விரலை விடவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா ஈரத் தலையோடு வந்து பார்த்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

"என்னடி, அழுறியோ?"

"இல்லை அம்மா, மீன்."

"இவளுக்கு விசர்," என்று அம்மா துவாயை விரிக்கப் போய்விட்டா.

### தலைகீழ் வலை

அடுத்த நாள் காலை நான் புறப்பட, அத்தானும் சப்பாத்துப் போட்டார். அக்காதான் அனுப்பியிருக்கிறாள். அவருக்கு அன்றைக்குப் பின்னேர முறை வேலை.

கல்லில் நின்றோம். தென்மேற்குக் காற்று, தண்ணீர் சுவரில் அடித்துக் கலங்கிக் கிடந்தது. வலையை அத்தானிடம் கொடுத்தேன். தேத்தண்ணித் தட்டம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"அத்தான், உங்கட அப்பா கடலுக்குப் போனவர்தானே. உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ?"

"அப்பா போனவர். எனக்கு வள்ளத்தைக் கண்டாலே சத்தி வரும் மச்சாள். பஸ்ஸிலயும் வரும்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "மாமி நினைக்கிறா நான் வலையோட பிறந்தனான் எண்டு," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தூண்டிலை எறிந்தேன்.

தூரம் இல்லை, கல்லோரமாக. ரப்பர் மீனைத் தாழவிட்டேன். முன்பென்றால் தாழும்போது நூல் தொளதொளவென்று கிடக்கும். இப்போது நூலை மெல்லிய இறுக்கத்தில் பிடித்துக்கொண்டு, அது தரையில் படுகிறவரை காத்திருந்தேன். பட்டது. ரீலை இரண்டு சுற்று. நிறுத்தி, மறுபடி தாழவிட்டேன். இரண்டு சுற்று. தாழவிட்டேன். எனக்குப் பேச்சு நின்றது. அத்தான் கொஞ்சம் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

ஐந்தாவதோ ஆறாவதோ எறிதலில், தாழ்ந்துகொண்டிருந்த நேரம்.

டொக்.

மணிக்கட்டை மேலே எடுத்தேன். கல் மேலே வராது. இது வந்தது. கனமாக, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நான் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

"அத்தான், வலை."

வலையை நீட்டினார். தலைகீழாக.

"மற்றப் பக்கம்."

திருப்பினார். மீன் மேலே வந்து அந்தக் கோலிக் கண்ணால் அவரைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறவுங்கோ அத்தான், தாரணி அக்கா சாப்பிடவேணும்."

அந்தப் பெயர் வேலை செய்தது. வேலைக்குப் போடுகிற நல்ல சட்டையோடு ஈரக்கல்லில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டு, மீனுக்கு அடியால் வலையைக் கொண்டுபோய் அள்ளி எடுத்தார். பூதக்கண்ணாடிக்காரனின் கை. ஒரு நடுக்கம் இல்லை.

அளந்தேன். சட்டத்தின் அளவைத் தாண்டி எவ்வளவோ. இந்த நாட்டில் பிடித்து விளையாடிவிட்டு விடுவதற்காக மீன் பிடிக்க முடியாது. சாப்பிடத்தான் பிடிக்கவேண்டும், பிடித்ததை உடனே நோகாமல் கொல்லவேண்டும். தலையில் ஒரே அடி, பிறகு செவுளில் வெட்டு. வகுப்பில் பழகியதுதான். அத்தான் சிலுவை அடையாளம் போட்டார். மீனுக்கா தனக்கா என்று தெரியாது.

இரண்டு பேருக்கும் கிழமை ஞாபகம் வரவில்லை. படியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் ஏறினோம்.

### மறுபடி வாசல்

"அது செத்துப்போச்சு அம்மா. விடேலாது."

"அப்ப ஃப்ரிட்ஜில வை. நாளைக்குச் சமைப்பம்."

"ஐஸ் படாமல் எண்டு சொன்னனான்."

"வெள்ளிக்கிழமை அடுப்பில மச்சம் ஏத்தினதில்லை நான். என்ர கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் இல்லை."

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவவுக்கு அக்கா சாப்பிடவும் வேண்டும், வெள்ளியும் காக்கவேண்டும். இரண்டையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றா. கண் கீழே சிவந்திருந்தது. நாலு மணிக்கு எழும்புவது நான் மட்டும் இல்லையே.

அப்போது உள் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கிடைச்சதோ?"

அத்தான் சப்பாத்தைக் கீழே வைத்தார். சட்டை முழுக்கப் பாசி.

"மாமி, எங்கட வீட்டில வெள்ளியெண்டால் இறைச்சிதான் இல்லை. மீன் நாள்தான் அது."

எங்கட வீட்டில. தன் அப்பா அம்மாவின் வீட்டைத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது, நாங்கள் நிற்கிறதும் அவருடைய வீட்டு வாசல்தான் என்று. கீழ்மாடிக்காரர் ஒருவர் நாயோடு இறங்கிப் போனார். "போன்ஷூர்" என்றார். மூன்று பேரும் "போன்ஷூர்" என்றோம்.

அம்மா திரும்பிச் சாமித் தட்டில் தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தா. பிறகு பையைப் பார்த்தா.

"துடக்கு வீடுதானே. விளக்கும் ஏத்தேல்ல. துணிக்குப் பின்னால சாமிக்கு என்ன தெரியப்போகுது." கதவை விட்டு விலகினா. "செதிலை உள்ளுக்கை கழட்டாதை. பல்கணியில வைச்சு வெட்டு."

வெட்டினேன். செதில் பறந்து பக்கத்து வீட்டுப் பூச்சட்டியெல்லாம் ஒட்டியது. அம்மா மல்லியையும் மிளகையும் வறுத்த மணத்தில் படிக்கட்டு முழுக்கத் தும்மியது. அத்தான் அடுப்புப் பக்கம் வராமல், அறைக்கும் குசினிக்கும் நடுவில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

கறி கொதித்தது. அம்மா அகப்பையால் கிளறி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், நிறுத்தினா. வெள்ளி. அவவுக்கு அன்றைக்கு மரக்கறிதான்.

நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். உப்புப் பார்க்கக் கையை நீட்டவும் செய்தேன்.

"தம்பி," என்றா அம்மா.

எங்கள் வீட்டில் தம்பி யாரும் இல்லை. யாரைக் கூப்பிடுகிறா என்று அத்தானும் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இஞ்ச வாங்கோ. உப்புப் பாருங்கோ. நான் இண்டைக்கு வாயில வைக்கேலாது."

குழந்தையை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அம்மா அகப்பையிலிருந்து ஒரு துளியை அவருடைய உள்ளங்கையில் விட்டா. சுட்டிருக்கும். நக்கிப் பார்த்தார்.

"காணுமோ?"

"கொஞ்சம் காணாது மாமி."

நான் கண்ணை மூடினேன். அம்மாவின் கறியில் உப்புக் காணாது என்று அப்பாகூடச் சொன்னதில்லை. அம்மா உப்பு எடுத்துப் போட்டா. மறுபடி ஒரு துளி விட்டா.

"இப்ப?"

"இப்ப சரி."

அக்கா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கன்னத்து இறைச்சியை அத்தான் நோண்டி எடுத்துக் கொடுக்க, வாயைத் திறந்து வாங்கினாள். முள்ளைத் தட்டு விளிம்பில் சீப்பு மாதிரி அடுக்கி வைத்தாள். வேர்த்தது. பிறகு அப்படியே சாய்ந்து, குழந்தையை நெஞ்சில் போட்டபடி நித்திரையாகிப் போனாள். அம்மா கட்டில் ஓரத்தில் தயிர்ச்சோற்றோடு இருந்து அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தா.

திங்கட்கிழமை தராசு முள்ளு கொஞ்சம் மேலே போனது. மீனால் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று கிழமை போத்தில் பாலும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அக்கா அதற்காக அழவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கல்லில் நான் இன்னும் நாலு சாண்டர் பிடித்தேன். எல்லாம் தாழும்போது வந்த அந்தத் தட்டில். நண்பர்களின் போனில் என் பெயர் இன்னும் மாறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அத்தான் வேலைக்குப் புறப்பட முன்னம், அம்மா டீட்டிகோனில் இருக்கிற தன் சிநேகிதிக்கு போன் எடுத்தா. பல்கணிக் கதவு திறந்திருந்தது.

"ஓம், ஏரி மீன். நல்ல பெரிசு. இல்லையில்லை, கடையில இல்லை. மருமோன் பிடிச்சவர்."

இரண்டு வருடம், நூறு ரப்பர் மீன், ஒரு கிழமை விடியல். புகழ் வலையைத் தலைகீழாகப் பிடித்த மனிசனுக்கு. திருத்தலாம் என்று எழும்பினேன். அத்தான் குசினியில் பாத்திரம் கழுவ நின்றார், தண்ணீரைத் திறக்காமல், காது பல்கணிப் பக்கம். மறுபடி இருந்துவிட்டேன்.

இப்போது சாண்டருக்குத் தடைக்காலம், தூண்டில் சுவரில் தொங்குகிறது. பெறாமகளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது.